மண்புழுவுக்குத் தோல் போதுமென்றால் நமக்கு ஏன் போதாது? – உணவும் வாயுவும் உடலுக்குள் செல்லும் வழி குறித்து ஒரு கேள்வி

கேள்வி – மாலைவகுப்பு

அனைவருக்கும் வணக்கம். பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள் சிலருக்கு மாலை நேரத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். உயிரியல் எனக்கு முறையாகப் படித்த பாடம் அன்று. ஆகவே பிழையாக எதையும் பதியவைத்துவிடக் கூடாதே என்ற கவலையோடுதான் இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம் சுவாச உறுப்புகளைப் பற்றிய அட்டவணையை நடத்தினேன். அமீபாவுக்கு உடற்பரப்பு, மண்புழுவுக்குத் தோல், கரப்பான்பூச்சிக்கு மூச்சுக்குழல்கள், மீனுக்குச் செவுள்கள், நமக்கு நுரையீரல்கள், செடிக்கு இலைத்துளைகள் என்று எல்லோரும் நன்றாகவே ஒப்பித்தார்கள். முடிந்ததும் ஒரு சிறுமி எழுந்து, "மண்புழுவுக்குத் தோலே போதுமென்றால் நமக்கு மட்டும் ஏன் போதாது?" என்று கேட்டாள். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, "செடி மண்ணிலிருந்து சாப்பிடுகிறது என்றால் தொட்டியில் மண் ஏன் குறையவில்லை?" என்று அடுத்ததையும் கேட்டுவிட்டாள். இரண்டுக்கும் அடுத்த வாரம் விடை சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவதாக, எனக்கே ஒரு கேள்வி இருக்கிறது. நாம் ஆக்ஸிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்ஸைடை விடுகிறோம், செடி அதற்கு நேர்மாறாகச் செய்கிறது என்று இத்தனை நாள் சொல்லி வந்திருக்கிறேன். அது முழு உண்மைதானா என்று இப்போது ஐயமாக இருக்கிறது. அட்டவணையை மனப்பாடம் செய்வதைத் தாண்டி, இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க உதவும் விளக்கம் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் – நுண்நோக்கி

வணக்கம் அம்மா. அந்தச் சிறுமியின் முதல் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் அட்டவணை முழுவதும் தானாகவே விளங்கிவிடும் என்பதால் அதற்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

எந்த உயிரினமாக இருந்தாலும், ஆக்ஸிஜன் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் ஒவ்வொரு செல்லின் உட்புறமும்தான். நுரையீரலுக்கோ தோலுக்கோ வந்து சேர்வதோடு அதன் பயணம் முடிவதில்லை. செல்லுக்குள் அது நுழைவது விரவல் முறையில். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மூலக்கூறுகள் தாமாகவே பரவிச் செல்வதற்கு உயிரி எந்த ஆற்றலையும் செலவிட வேண்டியதில்லை என்பதால் இதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை. ஆனால் இந்த முறைக்குக் கடுமையான ஒரு கட்டுப்பாடு உண்டு. கடக்க வேண்டிய தொலைவு இரு மடங்கானால் ஆகும் நேரம் நான்கு மடங்காகும். தொலைவு பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும்.

எண்களோடு சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அசையாத நீரில் ஆக்ஸிஜன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கடக்க ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரமே போதும். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4 நிமிடம் ஆகும். ஒரு சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம் ஆகும். நம் தோலிலிருந்து 10 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும் கல்லீரல் செல்லுக்கு ஆக்ஸிஜன் இப்படியே ஊடுருவிப் போக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஆக்ஸிஜன் சில நிமிடங்கள் தடைப்பட்டாலே மூளையின் செல்கள் மடியத் தொடங்குகின்றன என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

அமீபாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் உடலில் எந்தப் புள்ளியும் வெளிநீரிலிருந்து ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னத்துக்குள்தான் இருக்கிறது. போலிக்கால்களால் இரையைச் சூழ்ந்து, அதை உணவுக் குமிழியாக உள்ளே இழுத்து, அங்கேயே செரித்துக்கொள்கிறது. வாயுவுக்கு உறுப்பு எதுவும் தேவைப்படுவதில்லை. பிளனேரியா போன்ற தட்டைப்புழுக்கள் ஏன் அவ்வளவு தட்டையாக இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். அவற்றுக்கு இரத்த ஓட்டம் கிடையாது. உடல் மெலிந்து விரிந்திருப்பதால் தோலிலிருந்து எந்தச் செல்லும் தொலைவில் இல்லை. குடலும் கிளைகிளையாகப் பிரிந்து உடல் முழுவதும் ஓடுவதால் உணவும் எல்லாச் செல்களுக்கும் அருகிலேயே கிடைக்கிறது.

உடல் பருத்துவிட்டால் இரண்டு சிக்கல்கள் ஒன்றாக வருகின்றன. தொலைவு கூடுகிறது; பருமனோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு குறைகிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர், பருமன் 1 கன சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு மேற்பரப்பு 600, பருமனோ 1000. அதாவது ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் முன்பு 6 சதுர சென்டிமீட்டர் வாசல் இருந்தது, இப்போது அரைக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. களிமண்ணில் இரண்டு கட்டிகளைச் செய்து கையில் கொடுத்து அளக்கச் சொன்னால் இதைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

பெரிய உடல் கொண்ட உயிர்கள் இதற்குக் கண்டிருக்கும் தீர்வு, மேற்பரப்பை உள்ளே மடித்து வைத்துக்கொள்வது. நம் தோலின் பரப்பு இரண்டு சதுர மீட்டருக்கு மேல் போகாது. நுரையீரலிலோ கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் சேர்ந்து 70 சதுர மீட்டர் அளவுக்கு விரிகின்றன. அங்கே காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவர் ஒரு மைக்ரோமீட்டர்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இல்லை. சிறுகுடலிலும் இதே ஏற்பாடுதான். மடிப்புகள், மடிப்புகளின் மேல் குடலுறிஞ்சிகள், அவற்றின் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் நுண்ணுறிஞ்சிகள். (குடலின் பரப்பு ஒரு டென்னிஸ் ஆடுகளம் அளவு என்று பழைய நூல்களில் காணலாம்; அண்மைக்கால அளவீடுகள் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் என்கின்றன. அதுவும் சிறிய பரப்பன்று.)

வாசலைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, உள்ளே ஏந்திச் செல்ல ஓர் ஊர்தி வேண்டும். அதுதான் இரத்தம். ஒரு லிட்டர் இரத்தத்தின் நீர்மப் பகுதியில் கரையும் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 3 மில்லிலிட்டர். ஹீமோகுளோபின் இருப்பதால் அதே ஒரு லிட்டர் 200 மில்லிலிட்டர் வரை ஏந்துகிறது. இரத்தம் கடைசியில் தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய குழாய்களுக்குள் நுழைந்து, பெரும்பாலான செல்களுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தொலைவுக்குள் வந்து நிற்கிறது. அந்தக் கடைசி எட்டைக் கடக்க நம் உடலும் அமீபாவைப் போல விரவலையேதான் நம்பியிருக்கிறது. தசைகளின் தேவைக்கேற்பத் தந்துகிகள் திறந்து மூடுவதைக் காட்டியதற்காகத்தான் டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் 1920இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆகவே அந்தச் சிறுமிக்குச் சொல்ல வேண்டிய விடை இது. மண்புழு ஒல்லியானது, மெதுவாக இயங்குவது, அதன் தோல் எப்போதும் ஈரமானது. தோலுக்கும் உள்ளுறுப்புகளுக்கும் இடையே தொலைவு குறைவு என்பதால் அதற்கு விரவலே போதும். நமக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது.

பதில் – ஈரமண்

நுண்நோக்கி ஐயா எழுதியது தெளிவாக இருக்கிறது. கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு திருத்தம் தேவை. மண்புழு வெறும் விரவலை நம்பி வாழும் உயிரன்று. அதற்கு மூடிய இரத்தக் குழாய்களும், அவற்றைத் துடிக்கவைக்கும் தசைகளும், இரத்தத்தில் ஹீமோகுளோபினும் உண்டு. நமக்கு அது சிவப்பணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. மண்புழுவுக்கு இரத்த நீர்மத்திலேயே கரைந்திருக்கிறது. தோல் என்பது வாசல் மட்டுமே. தோலுக்கு அடியிலேயே தந்துகிகள் வலையாகப் பரவி ஆக்ஸிஜனை ஏற்றுக்கொண்டு உள்ளே கொண்டுபோகின்றன.

ஈரம் பற்றிய செய்தியை இன்னும் அழுத்திச் சொல்லலாம். ஆக்ஸிஜன் ஒரு செல்லுக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் நீரில் கரைய வேண்டும். மண்புழு தன் தோலைச் சளியால் நனைத்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். வெயிலில் தரையில் கிடந்து காய்ந்துபோன மண்புழுவைச் சுற்றி நிறையக் காற்று இருந்தும் அது மூச்சுத் திணறியே மடிகிறது. நம் தோலோ நீர் வெளியேறாமலிருக்கத் தடித்து, உலர்ந்து, கெரட்டின் படலத்தால் மூடப்பட்டிருக்கிறது. ஈரத்தைக் காக்கும் தோலே மூச்சுக்கும் வாசலாக இருக்க முடியாது என்பதால்தான் நிலத்தில் வாழும் பெரிய விலங்குகளில் அந்த ஈரப்பரப்பு உடலுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. தவளை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கு நுரையீரலும் உண்டு, ஈரத்தோலும் உண்டு. கார்பன் டை ஆக்ஸைடின் பெரும்பகுதி தோல் வழியாகவே வெளியேறுகிறது. நுரையீரலே இல்லாமல், தோலையும் வாயின் உட்புறத்தையும் மட்டும் கொண்டு வாழும் சாலமாண்டர் குடும்பம் ஒன்றும் இருக்கிறது.

பதில் – நுண்நோக்கி

திருத்தத்துக்கு மிக்க நன்றி. நான் தட்டைப்புழுவுக்குச் சொன்னதை மண்புழுவுக்கும் நீட்டிவிட்டேன், அது தவறு. மாலைவகுப்பு அம்மா, ஈரமண் எழுதியதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் – நீர்க்கோலம்

மீன்களைப் பற்றி நான் சொல்கிறேன். பல ஆண்டுகளாகத் தொட்டியில் மீன் வளர்த்து வருகிறேன்.

ஒரு கோடைப் பிற்பகலில் மின்சாரம் போய்க் காற்றுக்குமிழி விடும் மோட்டார் நின்றுவிட்டது. நான் வீட்டில் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது தங்கமீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வரிசையாக நின்று, நீரும் காற்றும் சேரும் விளிம்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் மூடிகள் எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தன. இரண்டு மீன்கள் அதற்குள்ளாகவே இறந்துவிட்டிருந்தன. அதே தொட்டியில் இருந்த கௌராமி மட்டும் ஒன்றும் நடவாதது போல் நடுநீரில் நின்றது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது. அன்று வரை நான் மீனுக்கு நீர் வேண்டும், உணவு வேண்டும் என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

நிகழ்ந்தது இதுதான். ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் இருக்கிறது. 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருப்பதோ 6 மில்லிலிட்டரைச் சற்றே தாண்டும். நீர் சூடாகச் சூடாக அதுவும் குறைகிறது. அதே நேரத்தில், சூடு ஏறினால் மீனின் உடலியக்கம் விரைந்து அதற்குத் தேவையான ஆக்ஸிஜன் கூடுகிறது. இரண்டும் எதிர்த்திசையில் இழுக்கும்போது மேல்மட்டத்தைத் தவிர மீனுக்குப் போக்கிடமில்லை.

இவ்வளவு குறைந்த ஆக்ஸிஜனோடு, காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியான நீரைத் தள்ளிக்கொண்டு வாழ வேண்டியிருப்பதால் செவுளின் அமைப்பு நுரையீரலைவிட நுட்பமானது. வாய் வழியாக நுழையும் நீர் செவுள் தகடுகளின் மேல் ஒரு திசையில் ஓட, தகடுகளுக்குள் இரத்தம் அதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. இரண்டும் ஒரே திசையில் ஓடினால், ஆக்ஸிஜன் நீரிலும் இரத்தத்திலும் சமமாகும் இடத்தில் பரிமாற்றம் நின்றுவிடும். பாதிக்கு மேல் எடுக்க இயலாது. எதிரெதிரே ஓடும்போது, ஏற்கெனவே ஓரளவு ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்ட இரத்தம் புத்தம் புதிய நீரைச் சந்திக்கிறது; வெறுங்கையோடு வரும் இரத்தம் ஆக்ஸிஜனை இழந்த பழைய நீரைச் சந்திக்கிறது. வழி நெடுகிலும் நீரின் பக்கம் சற்றே மிகுதியாக இருந்துகொண்டே இருப்பதால், நல்ல நிலையில் உள்ள மீன் நீரிலுள்ள ஆக்ஸிஜனில் 80 விழுக்காடு வரை எடுத்துவிடும். நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 21 விழுக்காடு, வெளிவிடுவதில் 16 விழுக்காடு. அதாவது கிடைத்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

நீரிலிருந்து எடுத்த மீன் ஏன் மடிகிறது என்றும் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். காற்றில் ஆக்ஸிஜன் மிகுதிதான். ஆனால் நீரின் தாங்குதல் இல்லாதபோது மெல்லிய செவுள் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சரிந்து, பரப்பு சுருங்கி, உலரவும் தொடங்கிவிடுகின்றன. பனையேறிக் கெண்டை, கௌராமி போன்றவற்றுக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான, இரத்தக் குழாய்கள் நிறைந்த தனி அறை உண்டு. காற்றை அங்கே தேக்கிக்கொள்வதால்தான் பனையேறிக் கெண்டை ஈரத்தரையில் ஊர்ந்து ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போக முடிகிறது. என் கௌராமியைக் காத்ததும் அந்த அறைதான்.

பதில் – பசுந்தளிர்

செடி பற்றிய இரண்டு கேள்விகளுக்கும் இங்கே எழுதுகிறேன். பலரும் பிழையாகப் புரிந்துகொண்டிருக்கும் செய்தி என்பதால் சற்று நீளும், பொறுத்தருள்க.

தொட்டி மண் ஏன் குறையவில்லை என்று அந்தச் சிறுமி கேட்டதை ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மோன்ட் என்ற அறிஞர் தராசு வைத்தே கேட்டுப் பார்த்தார். உலர்த்தி எடைபோட்ட 90 கிலோ மண்ணில், இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, நீரை மட்டும் ஊற்றி ஐந்து ஆண்டுகள் வளர்த்தார். மரத்தின் எடை 77 கிலோவுக்கு நெருங்கியது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. மரம் முழுவதும் நீரிலிருந்தே உருவானது என்று அவர் முடிவு செய்தார். இந்தக் குறிப்பு அவர் மறைவுக்குப் பின் 1648இல் வெளிவந்தது. முடிவு பாதிதான் சரி. எடையின் பெரும்பகுதிக்குக் காரணமான கார்பன், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து வருகிறது. நன்றாக உலர்த்திய செடியின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கார்பன், அதே அளவு ஆக்ஸிஜன், 6 விழுக்காடு ஹைட்ரஜன். மண்ணிலிருந்து வந்த தாதுக்கள் எஞ்சிய சிறு பகுதியில் அடங்கிவிடுகின்றன. காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு வெறும் 0.04 விழுக்காடுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு பெரிய மரத்தின் முன் நிற்கும்போது எனக்கு இன்றும் வியப்பு தீர்வதில்லை.

அந்த வாயு நுழையும் வழிதான் இலைத்துளை. ஒரு சதுர மில்லிமீட்டர் இலைப்பரப்பில் நூறு முதல் முந்நூறு துளைகள் இருப்பது இயல்பு. ஒவ்வொன்றையும் சிறுநீரக வடிவிலான இரண்டு காப்புச் செல்கள் காவல் காக்கின்றன. பொட்டாசியம் அயனிகள் அவற்றுக்குள் சேரும்போது நீரும் தொடர்ந்து நுழைய, செல்கள் புடைத்து வளைந்து துளை திறக்கிறது. நீர் வெளியேறினால் தளர்ந்து மூடிக்கொள்கிறது. நுண்ணோக்கி கிடைத்தால் ரியோ செடியின் இலையை மடித்துக் கிழித்து, அடிப்பக்கத்து ஊதா நிறத் தோலை உரித்து ஒரு சொட்டு நீரில் வைத்துக் காட்டுங்கள். ஊதாக் கற்கள் பதித்த தரைபோல் செல்கள் தெரியும். அவற்றுக்கு நடுவே அங்கங்கே பச்சையாக இரண்டு உதடுகள் குவிந்திருக்கும். விளிம்பில் ஒரு சொட்டு உப்புநீரை விட்டு, மறுவிளிம்பில் உறிஞ்சுதாளை வைத்து இழுத்தால், சில நிமிடங்களில் அந்த உதடுகள் மூடுவதைக் கண்ணாரப் பார்க்கலாம். நான் முதன்முதலில் பார்த்த நாளில் அடுத்த வகுப்புக்குப் போகவே மறந்துவிட்டேன்.

செடிக்கு இதில் ஓர் இக்கட்டு உண்டு. வாயுவுக்காகத் துளையைத் திறந்தால் நீர் ஆவியாகப் போய்விடுகிறது. வேர் உறிஞ்சும் நீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் இப்படியே வெளியேறிவிடும். அதே நீராவிப்போக்குதான் தாதுக்கள் கரைந்த நீரை வேரிலிருந்து சைலக் குழாய்களின் வழியே உச்சி வரை இழுக்கிறது என்பதால் அதை வெறும் இழப்பு என்று ஒதுக்கவும் முடியாது. கள்ளியும் அன்னாசியும் இந்த இக்கட்டுக்கு வேறு வழி கண்டிருக்கின்றன. குளிர்ந்த இரவில் துளையைத் திறந்து கார்பன் டை ஆக்ஸைடை அமிலமாக மாற்றிச் சேமித்துக்கொண்டு, பகலில் துளையை மூடிவைத்தபடியே ஒளிச்சேர்க்கை செய்கின்றன.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. "செடி நமக்கு நேர்மாறு" என்பதைத் திருத்திவிடுங்கள் அம்மா. செடியின் ஒவ்வோர் உயிருள்ள செல்லிலும் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது; அது பகலும் இரவும் இடைவிடாமல் ஆக்ஸிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்ஸைடை வெளியிடுகிறது. அதுதான் சுவாசம், நமக்கும் அதுவேதான். ஒளிச்சேர்க்கை என்பது உணவு தயாரிக்கும் வேறொரு வேலை. பச்சையமுள்ள செல்களில், ஒளி இருக்கும்போது மட்டும் நடக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் பல மடங்கு மிகுதி என்பதால் சுவாசம் வெளியே தெரிவதில்லை. விடியலிலும் அந்தியிலும் இரண்டும் சமமாகி, வாயு உள்ளேயும் வெளியேயும் போகாதது போல் தோன்றும் தருணங்களும் உண்டு. அறைக்குள் வைத்த செடி இரவில் நம் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. அதே அறையில் உறங்கும் இன்னொரு மனிதர் அதைவிடப் பல மடங்கு எடுத்துக்கொள்கிறார்.

வேருக்கும் மூச்சு வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். தொட்டிச் செடிக்கு அன்பு மிகுந்து நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அது வாடி மடிவதற்குக் காரணம் இதுதான். மண்துகள்களுக்கு இடையே இருந்த காற்று வெளியேறி அந்த இடத்தில் நீர் நிறைந்துவிடுகிறது. நீரில் ஆக்ஸிஜன் காற்றைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். மூச்சில்லாத வேர் தாதுக்களை உறிஞ்ச முடியாது. செறிவு குறைந்த மண்நீரிலிருந்து செறிவு மிகுந்த வேர்ச்செல்லுக்குள் தாதுவை இழுக்க ஆற்றல் செலவாகிறது, அந்த ஆற்றல் சுவாசத்திலிருந்துதான் வர வேண்டும். சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள் வேர்களை மேல்நோக்கி விரல்போல் நீட்டிக் காற்றைத் தேடுவதும் இதற்காகவே.

தாதுக்களில் நைட்ரஜன் தனிக்கதை. காற்றில் 78 விழுக்காடு அதுதான் என்றாலும், அதன் இரு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகியிருப்பதால் எந்தச் செடியாலும் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. பயறுவகைச் செடிகள் ரைசோபியம் என்னும் பாக்டீரியாவுக்கு வேர்முடிச்சில் இடம் கொடுத்துச் சர்க்கரை ஊட்டுகின்றன. அது பதிலுக்கு நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றித் தருகிறது. தட்டைப்பயற்றுச் செடியை மெல்லப் பிடுங்கி, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தினுடையது. நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும். இந்தப் புரதம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கிறது. நைட்ரஜன் கிடைக்காத சதுப்புநிலங்களில் வாழும் குடுவைத் தாவரம் பூச்சியைப் பிடிப்பதும் ஆற்றலுக்காக இல்லை. அதற்கும் பச்சை இலை இருக்கிறது. பூச்சியிடமிருந்து அது பெறுவது நைட்ரஜனும் பாஸ்பரசும்.

மறுமொழி – மாலைவகுப்பு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று களிமண் கட்டிகளை வைத்து அளந்தோம்; அந்தச் சிறுமி தானாகவே, "அப்படியானால் யானையின் காது ஏன் தட்டை என்பதும் இதுதானா?" என்று கேட்டாள். (அது வெப்பம் வெளியேறுவதற்கு என்று சொன்னேன், சரிதானே?) இன்னும் இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. இரத்தம்தான் ஊர்தி என்றால், கரப்பான்பூச்சியின் இரத்தத்தில் ஹீமோகுளோபினே இல்லை என்று படித்தேனே, அது எப்படி ஓடுகிறது? வாயும் இல்லாமல் பச்சையமும் இல்லாமல் காளான் எப்படி உண்கிறது?

பதில் – ஈரமண்

யானைக் காது பற்றி நீங்கள் சொன்னது சரி. பரப்புக்கும் பருமனுக்கும் உள்ள அதே கணக்கு வெப்பத்துக்கும் பொருந்துகிறது.

காளான் உணவுக்குள்ளேயே வாழ்கிறது. நாம் காணும் குடை அதன் இனப்பெருக்க உறுப்பு மட்டுமே. உண்ணும் உடல், மட்கும் மரத்துக்குள் மயிரிழையினும் மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. அந்த இழைகள் நொதிகளை வெளியே கசியவிட்டு, மரத்தை அங்கேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன. நாம் உண்டபின் செரிக்கிறோம், பூஞ்சை செரித்தபின் உண்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நாடாப்புழுவுக்கும் வாயும் குடலும் இல்லை. ஓம்புயிரி செரித்து வைத்த உணவில் மிதந்தபடி தோலால் உறிஞ்சுகிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல ஆசை. 1977இல் காலாபகோஸ் தீவுகளுக்கு அருகே ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். அங்கே ஆளுயரத்துக்கு வளரும் குழாய்ப்புழுக்கள் வளர்ந்தபின் வாயும் குடலும் அற்றவை. செந்நிறச் செவுளால் ஆக்ஸிஜனையும், நமக்கு நஞ்சான ஹைட்ரஜன் சல்பைடையும் ஒருங்கே எடுத்து, உடலுக்குள் வாழும் பாக்டீரியாக்களுக்கு ஊட்டுகின்றன. சூரிய ஒளி எட்டாத இடத்தில் அந்தப் பாக்டீரியாக்கள் சல்பைடிலிருந்து ஆற்றலெடுத்து உணவு தயாரித்துத் தருகின்றன.

பதில் – நுண்நோக்கி

கரப்பான் கேள்விக்கு விடை பசுந்தளிர் எழுதியதிலேயே இருக்கிறது: காற்றில் ஆக்ஸிஜன் நீரைவிடப் பத்தாயிரம் மடங்கு விரைவாகப் பரவும். பூச்சி தன் இரத்தத்தை ஆக்ஸிஜன் சுமக்கவிடாமல், காற்றையே குழாய் வைத்து ஒவ்வொரு செல்லுக்கும் அருகே கொண்டுபோய்விடுகிறது. கரப்பானின் இரு பக்கங்களிலும் பத்து இணைச் சுவாசத்துளைகள் உண்டு. அவற்றிலிருந்து கிளம்பும் குழல்கள் பிரிந்து பிரிந்து, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த முனைகளாகத் தசைச் செல்களைத் தொடுகின்றன. வயிற்றை இறுக்கித் தளர்த்துவதும் காற்றை நகர்த்த உதவுகிறது. இரத்தம் உணவை மட்டும் கொண்டுசெல்கிறது, ஆகவே சிவப்பு தேவைப்படவில்லை. இந்த ஏற்பாடு சிறிய உடலுக்கு மிகச் சிறந்தது. உடல் பெருத்தால் குழல்களே இடத்தை அடைத்துக்கொள்ளும். 30 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்ஸிஜன் இன்றைவிட மிகுந்திருந்த காலத்தில், தும்பிக்கு உறவான மெகானியூரா சிறகை விரித்தால் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் இருந்தது. அந்த மிகுதிதான் அவ்வளவு பெரிய உடலுக்கு இடங்கொடுத்தது என்று கருதுவோர் பலர் உண்டு.

மறுமொழி – மாலைவகுப்பு

இலைத்தோலை உரித்துப் பார்த்தோம், துளைகள் மூடுவதை எல்லோரும் கண்டார்கள். பெரும்பாலான இலைகளில் துளைகள் அடிப்பக்கத்தில்தான் மிகுதி என்று சொன்னவுடன், "தாமரை இலையின் அடிப்பக்கம் நீரில்தானே கிடக்கிறது?" என்று ஒரு பையன் கேட்டான். பசுந்தளிர் அவர்கள் சொல்வீர்களா?

பதில் – பசுந்தளிர்

மிக நல்ல கேள்வி. தாமரையிலும் அல்லியிலும் துளைகள் காற்றைப் பார்க்கும் மேற்பக்கத்தில் இருக்கின்றன. நீர் முத்துமுத்தாக உருண்டோடிவிடுவதால் தாமரை இலையின் துளைகள் அடைபடுவதுமில்லை. முடிந்தால் ஒரு தாமரைத் தண்டைக் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள். உள்ளே வட்டவட்டமாகத் தெரியும் ஓட்டைகள், சேற்றில் புதைந்திருக்கும் கிழங்குக்கு இலையிலிருந்து காற்று இறங்கிப்போகும் குழாய்கள். ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதினால் குமிழிகள் வரும்.